ஒரு சதவீதம் கூடத் தர்ற ஃபண்டைத் தேடுறதுக்கு முன்னாடி, மீட்டிங்கில் மியூட்டை எடுங்க

நம்ம சேனலுக்கு அடிக்கடி வர்ற கேள்வி இது: "அண்ணா, மாசம் 5,000 ரூபாய் எஸ்ஐபி போடுறேன். இந்த ஃபண்ட் 12 சதவீதம், அந்த ஃபண்ட் 13 சதவீதம். மாத்திடலாமா?"

கணக்கு போட்டுப் பார்த்துடுவோம். மாசம் 5,000 ரூபாய், பத்து வருஷம், 12 சதவீதம் கிடைச்சா சுமார் 11.6 லட்சம். 13 சதவீதம் கிடைச்சா சுமார் 12.3 லட்சம். வித்தியாசம் 70,000 ரூபாய் சொச்சம். அதுவும் அந்த ஒரு சதவீதம் பத்து வருஷமும் தவறாம வந்தாத்தான். அதுக்கு யாரும் கியாரண்டி தர முடியாது. உங்க சம்பளம் மாசம் 10,000 ரூபாய் கூடினா, வரி பிடிச்சது போக எட்டு ஒன்பது மாசத்துல இதே தொகை கைக்கு வந்துடும்.

அதனால என் கருத்தை நேராவே சொல்லிடுறேன். இருபத்தஞ்சு வயசுல ஃபண்ட் ஒப்பிட்டுப் பார்க்கிற நேரத்துல பாதியை, கிளையன்ட்கிட்ட பேர் வாங்குறதுல செலவு பண்ணுங்க.

குறிப்பா ஐடி சர்வீஸ் கம்பெனியில இருக்கிறவங்க. நிறைய ப்ராஜெக்ட்ல நீங்க வேலை பார்க்கிற மணி நேரத்துக்குத்தான் கிளையன்டுக்கு பில் போகுது. பில்லிங்ல இருக்கிற வரைக்கும் நீங்க கம்பெனிக்கு வருமானம், பெஞ்சுக்கு வந்துட்டா செலவு. ஆள் குறைக்கும்போது யாரை வெச்சுக்கிறதுங்கிற பேச்சுல கிளையன்ட் பக்கத்து மேனேஜர் சொல்றதும் எடுபடும். அவருக்கு உங்க பேரே தெரியாதுன்னா, நீங்க எக்செல் ஷீட்ல ஒரு வரி, அவ்வளவுதான்.

இதை நான் அடிபட்டுத்தான் கத்துக்கிட்டேன். வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம், அமெரிக்க இன்சூரன்ஸ் கிளையன்ட். வெள்ளிக்கிழமை நான் போட்ட ஒரு மாற்றத்தால, ராத்திரி ஓடுற பேட்ச் ஜாப் பாதி ரெக்கார்டை விட்டுடுச்சு. சனிக்கிழமை காலையிலேயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. லீட்கிட்ட சொன்னேன். "திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணிடலாம்பா, சும்மா எதுக்குக் கிளப்புறே"ன்னார். எனக்கும் அதுதான் வசதியா இருந்துச்சு. ஆனா நினைச்ச மாதிரி சரியாகல. திங்கள் சாயங்கால மீட்டிங்குக்கு முன்னாடியே கிளையன்ட் மேனேஜர் அம்மா கண்டுபிடிச்சுட்டாங்க. திட்டக்கூட இல்ல. "தப்பு எல்லாரும் பண்றதுதான். ஆனா இதை நானா கண்டுபிடிக்கிற மாதிரி ஏன் வெச்சீங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க. அடுத்த மூணு மாசம் நான் அனுப்புற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரெண்டு பேர் அப்ரூவல் வேணும்னுட்டாங்க.

அன்னையிலிருந்து ஒரு பழக்கம். கெட்ட செய்தி எதுவா இருந்தாலும் முதல்ல நம்ம வாயிலிருந்துதான் போகணும். என்ன ஆச்சு, யாருக்குப் பாதிப்பு, எப்போ சரியாகும், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு வரும். நாலே வரி. லீடைத் தாண்டிப் போகச் சொல்லல. அவர்கிட்ட முன்னாடியே சொல்லி, மெயில்ல அவரையும் சேர்த்துக்கிட்டுத்தான் அனுப்பணும்.

ஒன்றரை வருஷம் கழிச்சு, பதினாலு பேர் இருந்த டீமை ஆறு பேரா குறைச்சாங்க. இவங்க இருக்கட்டும்னு அந்த அம்மா கொடுத்த லிஸ்ட்ல என் பேரும் இருந்துச்சு. என்னைவிட நல்லா கோட் எழுதுற ஒருத்தர் பெஞ்சுக்குப் போனார். ரெண்டு வருஷமா எல்லா மீட்டிங்லயும் மியூட்லயே இருந்த மனுஷன். இது நியாயமான்னு கேட்டா, எனக்கு இன்னைக்கும் அது உறுத்தல்தான்.

"இங்கிலீஷ் சரளமா வராதே ப்ரோ" என்பீங்க. தமிழ் மீடியத்துல படிச்ச எனக்கும் அதே பயம் இருந்துச்சு. நான் பிடிச்ச வழி, மீட்டிங் நோட்ஸ். யார் என்ன செய்யணும், எந்தத் தேதிக்குள்ள, இவ்வளவுதான் அதுல இருக்கணும். பேசுற மாதிரி இல்ல, எழுதும்போது நிதானமா திருத்திக்கலாம். யாருக்குமே பிடிக்காத வேலைங்கிறதால கேட்டவுடனே உங்க தலையில கட்டிடுவாங்க. கொஞ்ச நாள்ல சந்தேகம் வந்தா கிளையன்ட் நேரா உங்களுக்கே மெயில் போட ஆரம்பிப்பார். அடுத்த தடவை "டெமோ யார் காட்டுறீங்க?"ன்னு கேட்டு எல்லாரும் கம்முனு இருக்கும்போது, நீங்க "நான் காட்டுறேன்"னு சொல்ல அந்தப் பழக்கம் போதும்.

சின்னச் சின்ன விஷயமும் பேர் வாங்கித் தரும். அமெரிக்காவில மார்ச் ரெண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தை மாத்துவாங்க. நியூயார்க்ல காலை 10 மணி மீட்டிங், கோடையில நமக்கு ராத்திரி 7.30, குளிர்காலத்துல 8.30. அந்த வாரம் வர்றதுக்கு முன்னாடியே ஒரு வரி நினைவூட்டிப் பாருங்க. அதே மாதிரி பொங்கல் லீவை டிசம்பர்லயே சொல்லிடுங்க. போகிக்கு முந்தின நாள் ராத்திரி சொல்லி யாரையும் பதற வைக்காதீங்க.

இதுக்காக எதைக் கேட்டாலும் தலையாட்டணும்னு அர்த்தம் இல்ல. "சின்ன மாற்றம்தானே"ன்னு வர்ற வேலையை ஒரு சனிக்கிழமை சும்மா முடிச்சுக் கொடுத்தா, அடுத்த சனிக்கிழமையும் உங்க வீட்டு வாசலுக்கே வரும். "செய்யலாம், ஆனா புதன்கிழமை தர்றதா சொன்னது வெள்ளிக்குத் தள்ளிப் போகும். எது முதல்ல வேணும்?"னு கேளுங்க. இப்படிக் கேக்கிறவங்களை கிளையன்ட் மதிக்கத்தான் செய்றாங்க.

இன்னொரு எச்சரிக்கை. நல்ல பழக்கம் ஆன பிறகு, "தனியா எங்களுக்கு ஒரு வேலை செஞ்சு தர்றீங்களா?"ன்னு கிளையன்டே கேட்கலாம். ஆசையாத்தான் இருக்கும். ஆஃபர் லெட்டரை எடுத்துப் படிங்க. தொழில் செய்யத் தடை போடுற ஒப்பந்தம் செல்லாதுன்னு 1872-ம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவு சொல்லுதேன்னு சிலர் வாதம் பண்ணுவாங்க. சம்பளம் வாங்கிக்கிட்டே அதே கம்பெனியோட கிளையன்டுக்குத் தனியா பில் போடுறதுக்கு அந்தப் பிரிவை நம்பாதீங்க.

கடைசியா பணம். பாராட்டு மெயில் வந்தா சந்தோஷப்பட்டுட்டு அப்படியே விட்டுடாதீங்க. சொந்த ஜிமெயிலுக்கு ஃபார்வர்ட் பண்ணவும் வேண்டாம், அது கம்பெனி விதியில மாட்டிவிடும். எந்தத் தேதி, எந்த வேலைக்குப் பாராட்டுன்னு மட்டும் ஒரு நோட்ல குறிச்சு வெச்சு, ரேட்டிங் முடிவாகுறதுக்கு முன்னாடியே மேனேஜர்கிட்ட உட்கார்ந்து பேசுங்க. ரேட்டிங் வந்த பிறகு பேசினா புலம்பல் கணக்குலதான் போகும்.

அந்த 10,000 ரூபாய் ஏறினதும் பாதியை எஸ்ஐபியில சேர்த்துடுங்க. 5,000 ரூபாய் 10,000 ஆகும். அங்கிருந்து பத்து வருஷத்துல, அதே 12 சதவீதக் கணக்குல 23 லட்சம் சொச்சம். எந்த ஃபண்ட்ங்கிற சண்டையை அப்புறம் ஒரு வீடியோவில வெச்சுக்கலாம்.