பொருளில்லாச் சொல்லும் பொறிஞர் நகையும்

சொல் என்பது பொருளைத் தாங்கி நிற்கும் கலம். கலத்துள் ஒன்றுமே இல்லாதபோதும், அதன் மேற்பூச்சின் பளபளப்பைக் கண்டு, உள்ளே தேன் நிறைந்திருப்பதாக எண்ணிக் கைகூப்புவார் உளர். அவர்தம் மயக்கத்தைத் தமிழர் எடுத்துக்காட்டினால், மொழிவெறி என்று தூற்றுவர். ஆனால் அம் மயக்கத்தை ஆங்கிலேயப் பொறிஞரே எண்பது ஆண்டுகளுக்கு முன் எடுத்துக்காட்டி வயிறு குலுங்கச் சிரித்தனர். அச் சிரிப்பு இன்னும் ஓய்ந்தபாடில்லை. அதன் உட்கிடையை ஓர்ந்து பார்த்தல் தமிழ் அன்பர்க்கு இன்றியமையாதது.

இல்லாத பொறியின் வரலாறு

1944-ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். பிரித்தானிய மின்பொறியாளர் நிறுவனத்தின் மாணவர் காலாண்டிதழில், சான் எலின்சு குயிக் என்னும் மாணவர் ஒரு கட்டுரை எழுதினார். புதியதொரு பொறியின் அமைப்பையும் பயனையும் அது விளக்கிற்று. பொறியின் பெயர் 'டர்போ என்காபுலேட்டர்'. உறுப்புகள் வரிசையாகச் சொல்லப்பட்டிருந்தன. அவை இயங்கும் முறையும், பழைய பொறிகளின் குறைகளை இது நீக்கிய திறமும் முறைப்படி கூறப்பட்டிருந்தன. குறை ஒன்றே ஒன்றுதான். அப்படி ஒரு பொறி உலகில் இல்லை. அதன் உறுப்புகளும் இல்லை. அது செய்வதாகச் சொன்ன வேலையும் இல்லை.

பொறிஞர் படித்தனர், சிரித்தனர், படியெடுத்து நண்பர்க்கு விடுத்தனர். 1946-இல் அமெரிக்கக் கிழமையிதழாகிய 'டைம்' அதனை எடுத்து வெளியிட்டது. மடல்கள் வந்து குவிந்தன. 1962-இல் செனரல் எலக்ட்ரிக்கு நிறுவனத்தின் அளவுகருவிப் பிரிவினர், தம் மெய்யான கருவிகளுக்கு எழுதும் அதே வடிவில், அதே பட்டியல் முறையில், இப் பொய்க் கருவிக்கும் ஒரு விளக்கத்தாள் அணியமாக்கித் தம் கையேட்டிற் சேர்த்தனர். 1977-இல், டெட்ராய்ட்டுப் பகுதியில் தொழிற்பயிற்சிப் படங்களில் நடித்துவந்த பட் ஆகார்ட்டு என்பார், ஒரு சரக்குந்து நிறுவனத்தின் உண்மையான பயிற்சிப் படம் முடிந்தபின், படக்குழுவினரை நிற்கச் செய்து, இப் பொய்யுரையைப் புன்முறுவலும் இன்றிப் பேசிப் படமாக்கச் செய்தார். பின்வந்தோரும் இதனையே புதுப்பெயரிட்டுப் புதுப்படங்களாக எடுத்து மகிழ்ந்தனர். நகைச்சுவை ஒன்று இத்துணைக் காலம் நிலைத்து நிற்குமாயின், அதனடியில் ஓர் உண்மை இருத்தல் வேண்டும்.

பொய் நின்ற இடம்

அவ் வுண்மை யாது? முதற்கண் பொறியின் பெயரையே பகுத்துப் பார்க்க. 'டர்போ' என்பது சுழற்சியைக் குறிக்கும் இலத்தீன் சொல். மெய்யான பொறிகளின் பெயரில் வருவது. இறுதியில் நிற்கும் 'ஏட்டர்' என்பது செய்வதைக் குறிக்கும் இலத்தீன் ஈறு. இதுவும் பல பொறிப்பெயர்களின் இறுதியில் நிற்பது. நடுவிலுள்ள 'என்காபுல்' என்பதற்கோ எம்மொழியிலும் வேர் இல்லை. தலையும் மெய், வாலும் மெய், வயிறு மட்டும் வெறுமை! உறுப்புகளின் பெயர்களும் பெரும்பாலும் இவ்வாறு புனையப்பட்டவையே.

'பிரீபேபுலேட்டட்' என்று ஒரு சொல் அக் கட்டுரையில் உண்டு. பகுதி பகுதியாக முன்னரே செய்து கொணர்ந்து பொருத்தும் வீடுகள் பிரித்தானியாவில் பெரிதும் பேசப்பட்ட ஆண்டு 1944. அவற்றைக் குறிக்கும் சொல்லில் இரண்டோர் எழுத்தை மாற்றிய அளவிலே, 'முன்னரே புனையப்பட்ட கதை' என்னும் பொருள் தோன்றுமாறு குயிக் செய்துவிட்டார்; 'பேபுலா' என்பது இலத்தீனில் கதையைக் குறிக்கும். இது பொய் என்று அவர் சொல்லிவிட்டே பொய் சொல்லியுள்ளார். ஆயினும் அம் மொழியறியாத ஆங்கிலேயத் தொழிலாளிக்கு மெய்ச்சொல்லும் பொய்ச்சொல்லும் ஒரே எடையாகவே தோன்றின.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. இப் பொறி பக்கவாட்டில் தட்டுத்தடுமாறுவதைத் தடுக்கும் என்று ஓரிடத்திற் கூறப்படுகின்றது. அவ்விடத்துத் தடுமாற்றத்தைக் குறிக்க அவர் ஆண்ட சொல் இலத்தீன் வழிவந்ததன்று. அடுப்பங்கரையிலும் வழங்கும் நாட்டுவழக்குச் சொல். அங்கேதான் யாவரும் சிரித்துவிடுகின்றனர். அயற்சொற் போர்வைக்குள் ஒளிந்திருந்த பொய், தாய்மொழிச் சொல் வந்தவுடன் வெளிப்பட்டுவிட்டது!

செருமானியர் ஐட்ரசனை 'நீர்ப்பொருள்' என்னும் பொருள்பட அழைக்கின்றனர். ஆக்சிசனைப் 'புளிப்புப் பொருள்' என்கின்றனர். ஆங்கிலர் வழங்கும் கிரேக்கப் பெயர்களின் பொருளும் ஏறத்தாழ அதுவே. ஆனால் செருமானியச் சிறுவனுக்குப் பெயரே ஒரு பாடம். ஆங்கிலச் சிறுவனுக்கு அது வெற்றொலி. புளிப்பெல்லாம் இவ் வளியால் வருவது என்று இலவாசியே கருதியது பிழை என்பது பின்னர் விளங்கிற்று. அப் பிழையும் செருமானியன் கண்ணுக்குத் தெரிகின்றது. ஆங்கிலன் கண்ணுக்குத் தெரிவதில்லை. விளங்கும் சொல் தன்னுள் இருக்கும் பிழையையும் மறைப்பதில்லை என்பதே அதன் பெருமை. சின்னஞ்சிறு ஐசுலாந்து நாட்டினர் தொலைபேசிக்கு, நூலிழையைக் குறித்த தம் பழஞ்சொல்லை எடுத்துக்கொண்டனர். கணிப்பொறிக்கு, எண் என்பதையும் குறிசொல்லும் மகள் என்பதையும் இணைத்துப் பெயர் சூட்டினர். அதனால் அவர்தம் அறிவியல் எவ்வாற்றானும் குன்றிவிடவில்லை.

இடக்கைத் திருகுமுடுக்கி

இந் நகை கட்டுரையளவில் நிற்பதன்று. பட்டறைத் தரையிலும் வாழ்வது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வேலை பழகப் புதிதாக வந்த இளைஞனை, மூத்த தொழிலாளர், "பண்டகச்சாலைக்குச் சென்று இடக்கைத் திருகுமுடுக்கி வாங்கி வா" என்று ஏவுவர். "ஒரு வாளி நீராவி கொண்டு வா" என்பர். "கட்டம்போட்ட வண்ணப்பூச்சு ஒரு குவளை" என்பர். "நெடிய எடை ஒன்று கேள்" என்று விடுப்பதும் உண்டு. ஆங்கிலத்தில் எடைக்கும் காத்திருத்தலுக்கும் ஒலி ஒன்றே. எனவே பண்டகக்காப்பாளர் அவனை நெடுநேரம் நிற்கவைத்து, "கேட்டது கிடைத்தது, போ" என்பார்.

இளைஞன் ஏன் போகின்றான்? அறிவில்லாமையால் அன்று, "அஃது என்ன?" என்று கேட்கக் கூசியதால். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நாணினான், நடந்தான். பட்டறையில் அந் நாணத்திற்கு விலை ஒரு சிரிப்பு. மின்கம்பிக்கும் கொதிகலத்திற்கும் முன்னால் அதே நாணத்திற்கு விலை உயிராதலும் கூடும். எனவே நல்ல மூத்தோர், சிரித்து முடித்தபின், "தெரியாவிட்டால் கேள்" என்று அவனுக்குச் சொல்லித்தருவர். அதுவரையில் அந் நகை அறத்தின்பாற்பட்டதே.

ஆனால் பட்டறைக்கு வெளியே யார் சொல்லித்தருவர்? மருத்துவமனையில் நோயாளி தன் நோயின் பெயரைக் கேட்டுத் தலையசைக்கின்றான். வழக்குமன்றத்தில் உழவன் தன் நிலத்தைப் பற்றிய தீர்ப்பைக் கேட்டுத் தலையசைக்கின்றான். பொருள் விளங்கிய தலையசைப்பு அன்று அது. கேட்க நாணிய தலையசைப்பு. இடக்கைத் திருகுமுடுக்கி வாங்கப் போன இளைஞனுக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு? அவனுக்கு மாலையிலேனும் உண்மை தெரிந்தது.

நகை வஞ்சமான கதை

அறிந்தோர் தமக்குள் சிரித்துக்கொள்ளும் வரையில் பொருளில்லாச் சொல்லால் தீங்கில்லை. அறிந்தோரே அதற்கு மயங்கத் தொடங்கினால் யாதாகும்? 1996-இல் நியூயார்க்குப் பல்கலைக்கழக இயற்பியலறிஞர் ஆலன் சோக்கல், வேண்டுமென்றே பொருளற்ற கட்டுரை ஒன்றை எழுதிக் குமுகாய ஆய்விதழ் ஒன்றிற்கு விடுத்தார். இதழாசிரியர்கள் அதனை ஏற்று அச்சிட்டனர். பின்னர் அவரே உண்மையை வெளிப்படுத்தினார். 2005-இல் மாசச்சூசெட்சுத் தொழில்நுட்ப நிறுவன மாணவர் மூவர், பொய்யான ஆய்வுரைகளைத் தானே எழுதும் கணிப்பொறி நிரலை ஆக்கினர். அஃது எழுதிய உரை ஒன்று ஒரு மாநாட்டிற்கு ஏற்கப்பட்டது. இம் மூவரும் மடமையைக் காட்டவே செய்தனர். ஆயினும் பின்னர், இத்தகைய பொறி எழுதிய உரைகள் 120-க்கும் மேற்பட்டவற்றைப் பெரும் வெளியீட்டு நிறுவனங்கள் இரண்டு 2014-இல் நீக்க நேர்ந்தது. அவை நகைக்காக எழுதப்பட்டவை என்று எவரும் அறிவிக்கவில்லை. நகை, வஞ்சமாகிவிட்டது. இன்றோ, வினவியவுடன் பக்கம் பக்கமாகச் சொற்பெருக்கும் பொறிகள் வீட்டுக்கு வீடு வந்துவிட்டன. சொல்லைப் பொருளொடு வைத்து உரசிப் பார்க்கும் அறிவு முன்னெப்போதினும் இன்று வேண்டப்படுகின்றது.

தமிழர் கொள்ளவேண்டுவது

"அறிவியற் சொற்கள் உலகப் பொதுமையுடையன, அவற்றைத் தொடாதீர்" என்பார் உளர். பொதுமை எண்ணுக்கும் குறியீட்டுக்கும் கருத்துக்கும் உரியது, ஒலிக்கு உரியதன்று. துறையறிவுடையார் தமக்குள் பேசும்போது கலைச்சொல் வேலையைச் சுருக்கும் கைப்பிடி என்பது உண்மையே. அதனை எவரும் மறுக்கவேண்டுவதில்லை. பிடி இருந்து கருவி இல்லாதபோதுதான் கேடு விளைகின்றது.

இனித் தமிழன்பர் தம்மையும் நோக்குதல் வேண்டும். வேர் தமிழாயிருந்துவிட்டால் மட்டும் சொல் தூயதாகிவிடாது. ஆங்கிலம் பேசும் நாடுகளின் கணிப்பொறிக் கூடங்களில், செருமானியம் போல ஒலிக்கும் போலி அறிவிப்புகளைத் தொங்கவிட்டுச் சிரித்தனர்; செருமானியரும் சளைக்காமல், ஆங்கிலம் போல ஒலிக்கும் போலி அறிவிப்பால் விடையிறுத்தனர். எம்மொழியின் ஓசையும் போலிக்கு இடங்கொடுக்கும் என்பதற்கு இது சான்று. நாலைந்து தமிழ் வேர்களை ஒட்டிவைத்து, ஆக்கியவரைத் தவிர வேறெவர்க்கும் விளங்காத நெடுந்தொடரைக் கலைச்சொல் என்று அச்சிட்டுவிட்டால், அதுவும் தமிழுடுத்திய 'என்காபுலேட்டர்' ஆகாதோ?

சொல்லெல்லாம் பொருள் குறிப்பது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. அதுவே உரைகல். ஒரு கலைச்சொல்லைக் கேட்ட மாணவன், அப் பொருளைச் சுட்டிக்காட்ட வேண்டும். அல்லது படமாக வரைய வேண்டும். அல்லது கையாற் செய்துகாட்ட வேண்டும். பட்டறைத் தொழிலாளி அச் சொல்லை நாணமின்றி ஆள வேண்டும். இவ்வுரைகல்லில் தேறாத சொல் வடமொழியாயினும், ஆங்கிலமாயினும், தமிழேயாயினும் தள்ளத்தக்கதே. தேறிய தமிழ்ச்சொல் கையிலிருக்க அயற்சொல்லைச் சுமப்பது, தன் வீட்டுக் கிணற்றைத் தூர்த்துவிட்டு அண்டையூரில் நீர் இரப்பதாகும்.

ஆசிரியர்காள், நும் மாணவர்க்கு முதற்கண் கற்பிக்கவேண்டியது ஒரு கேள்வி. "இச் சொல்லுக்குப் பொருள் என்ன?" அதனை அஞ்சாது கேட்கும் பிள்ளையை எவரும் ஒரு வாளி நீராவிக்கு அனுப்ப இயலாது. அவ் வினா தமிழகத்தின் ஒவ்வொரு வகுப்பறையிலும், ஒவ்வொரு பட்டறையிலும், ஒவ்வோர் அலுவலக வாயிலிலும் எழுக! பொருள் விளங்கும் சொல்லே தமிழர் வாயில் வழங்குக!