சேவையைச் சான்றிதழால் அளக்கக் கூடாது

வணிகக் கல்விக்கான அனுமதியில் தொண்டுப் பணியும் இணைப்பாடவிதானச் செயற்பாடுகளும் கணக்கில் எடுக்கப்படுகின்றன. கட்டணம் செலுத்திப் படிக்கும் வணிகப் பட்டங்கள், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள், புலமைப்பரிசில்கள், பின்னர் வியாபார நிர்வாக முதுமாணி நேர்முகப் பரீட்சைகள் எனப் பல வாசல்களில் படிப்புக்கு அப்பால் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. அதற்கான விடையைச் சான்றிதழ்களின் எண்ணிக்கையில் தேடுவதுதான் ஆபத்து. மட்டக்களப்பின் குருக்கள்மடம் போன்ற வாவிக்கரைக் கிராமங்களின் பிள்ளைகளையே அந்த ஆபத்து முதலில் தாக்கும்.

அரச பல்கலைக்கழகங்களின் நிலை வேறு. வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வர்த்தக முகாமைத்துவ பீடம் உட்பட, நாட்டின் முகாமைத்துவ பீடங்களுக்கு உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியே வழி. 2001 முதல் இந்த முறை நடைமுறையில் உள்ளது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் மட்டக்களப்பும் ஒன்று. தேசிய, சர்வதேச மட்டத்தில் விளையாட்டிலும் கலையிலும் சாதித்தவர்களுக்கு மிகச் சிறிய விசேட ஒதுக்கீடு உண்டு. மற்ற எல்லா மாணவருக்கும் பாடசாலைக்கு வெளியே செய்த பணி இங்கு ஒரு புள்ளியும் சேர்ப்பதில்லை.

இதன் விளைவு பாடசாலையிலேயே தெரிகிறது. உயர்தர வர்த்தகப் பிரிவில் சேர்ந்த மாணவரின் பின்னேரங்கள் கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் டியூசனுக்குப் போய்விடுகின்றன. விளையாட்டையும் கழகங்களையும் பரீட்சை முடியும்வரை ஒதுக்கிவைக்குமாறு பெற்றோரும் ஆசிரியரும் சொல்கிறார்கள். இசட் புள்ளியில் சில தசமங்களால் இடம் தவறியவர் அடுத்த வாசலுக்குப் போகும்போது, கைவிடச் சொன்ன அதே விடயத்துக்கு அங்கே சான்று கேட்கப்படுகிறது. இரண்டு முறைகளுக்கும் நடுவே அகப்பட்டு நட்டப்படுபவர் மாணவர். இது நியாயமான போட்டியல்ல.

வசதியும் சமமாக இல்லை. நகரப் பாடசாலையில் சாரணர் படை, முதலுதவிப் படை, விவாத அணி, இன்ரறக்ட் கழகம் எல்லாம் ஒரே வளவுக்குள் கிடைக்கும். வாவிக்கு அப்பால் படுவான்கரையில் இருந்து படிக்க வரும் பிள்ளையின் நாளை நிர்ணயிப்பது அம்பிளாந்துறைக்கும் குருக்கள்மடத்துக்கும் இடையே வாவியில் ஓடும் 'பாதை' என்ற படகுச் சேவையும் அதன் பிறகு பிடிக்க வேண்டிய பஸ்ஸும்தான். பின்னேரக் கூட்டத்துக்கு நின்றால் வீடு சேர இருட்டிவிடும். சீருடைக்கும் பாசறைக்கும் கொழும்புப் பயணத்துக்கும் ஆகும் செலவு தனி. சான்றிதழை எண்ணும் அனுமதி முறை உண்மையில் பெற்றோரின் பணத்தையும் வீட்டின் அமைவிடத்தையுமே எண்ணுகிறது. இது நியாயமான போட்டியல்ல.

இந்தப் பிள்ளைகள் சேவை செய்யாதவர்கள் அல்லர். கோயில் சடங்கு காலத்தில் அன்னதானத்துக்கு அரிசி அளப்பவர்களும், அறநெறிப் பாடசாலையில் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களும் அவர்களே. 1978 சூறாவளியிலும், 2004 சுனாமியிலும், 2011 வெள்ளத்திலும் இந்தக் கரையின் இளைஞர்கள் படகு தள்ளினார்கள்; முகாம்களில் உலை வைத்தார்கள். யாரும் அவர்களுக்குச் சான்றிதழ் எழுதிக் கொடுக்கவில்லை.

வணிகக் கல்விக்கு நேரடியாகப் பொருந்தும் அனுபவமும் இங்கே உண்டு. தாயின் மாதர் சங்கத்துக்குக் கணக்கு எழுதும் உயர்தர மாணவியை எடுத்துக்கொள்வோம். கடன் பெற்றவர் யார், தவணை தவறியவர் யார், மீன்பாடு இல்லாத மாதத்தில் யாருக்குத் தவணை தள்ளிப்போட வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கூட்டத்தில் எழும் பிணக்கை அவமதிப்பின்றித் தீர்க்கவும் அவர் பழகியிருக்கிறார். முகாமைத்துவ பீடம் கற்பிக்கப்போவதன் அடிப்படை அவர் கையில் உள்ள கொப்பியில் இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தில் அதற்கு இடமில்லை. அரை நாள் தலைமைத்துவப் பயிலரங்குக்குப் பணம் கட்டியவருக்கு இடம் இருக்கிறது.

சான்றிதழுக்கு மதிப்பு ஏறினால் அதற்குச் சந்தையும் வந்துவிடும். 2019இல் அமெரிக்காவில் வெளிப்பட்ட பல்கலைக்கழக அனுமதி மோசடி இதற்குச் சான்று. ஒருநாளும் விளையாடாத பிள்ளைகளை விளையாட்டு வீரர்களாகக் காட்டும் போலி விவரங்கள் அங்கே தயாராயின. பணம் கொடுத்த பெற்றோரும் பணம் வாங்கிய பயிற்றுநர்களும் வழக்கை எதிர்கொண்டார்கள். பலமான விசாரணை அமைப்புகள் உள்ள நாட்டிலேயே இது நடந்தது. சான்றிதழைச் சரிபார்க்க எந்த ஏற்பாடும் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை.

முறையீட்டு உரிமையும் இங்கே கேள்விக்குள்ளாகிறது. 2011 உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளிக் கணிப்பு தவறு என்று மாணவர்கள் வழக்காடினார்கள். 2012இல் உயர் நீதிமன்றம் அதை மீளக் கணிக்கப் பணித்தது. எண் தவறினால் எண்ணைக் காட்டி வாதாட முடியும். நேர்முகக் குழு ஒருவரின் சேவையைக் குறைத்து மதித்தால் எதைக் காட்டி வாதாடுவது? 1970களில் பல்கலைக்கழக அனுமதியில் புகுத்தப்பட்ட தரப்படுத்தல், அனுமதி விதியின் மீதான நம்பிக்கையைக் குலைத்தது. அதன் விலையை ஒரு தலைமுறை முழுவதும் செலுத்தியது. எழுதப்படாத விதிகளால் வரும் அத்தகைய நம்பிக்கையிழப்பை இந்த மண் மீண்டும் தாங்காது.

சேவையை அனுமதியிலிருந்து முற்றாக நீக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. மனிதரோடு சேர்ந்து வேலை செய்யத் தெரியாதவர் நல்ல முகாமையாளராக முடியாது. பரீட்சைத் தாள் அந்தத் திறனை அளப்பதும் இல்லை. சேவைக்கு மதிப்பளிப்பது சரி. அளக்கும் முறைதான் பிழை.

இதற்குப் பொறுப்புக்கூற வேண்டியவர்கள் மூன்று தரப்பினர். பட்டம் வழங்கும் நிறுவனங்கள், படிப்புக்கு அப்பாலான பணிக்கு எவ்வளவு எடை தருகின்றன என்பதை விண்ணப்பம் கோரும்போதே எழுத்தில் வெளியிட வேண்டும். பணம் செலுத்திப் பெற்ற பயிலரங்குச் சான்றிதழ்களை அவை கணக்கில் எடுக்கக் கூடாது. வீட்டிலும் ஊரிலும் தொழிலிலும் செய்த தொடர்ச்சியான பணிக்குப் படிவத்தில் இடம் ஒதுக்க வேண்டும். அதை உறுதிப்படுத்த அதிபரோ, கிராம உத்தியோகத்தரோ, சங்கத்தின் நிர்வாகமோ தரும் கடிதம் போதுமானதாக இருக்க வேண்டும்.

உயர்கல்வியை மேற்பார்வை செய்யும் அதிகாரபீடம், இந்த விதிகள் இல்லாத பட்டப்படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கக் கூடாது. நிராகரிக்கப்பட்டவருக்குக் காரணத்தை அறியவும் முறையிடவும் வழி வைக்க வேண்டும். மாகாணக் கல்வி நிர்வாகம், உயர்தர வகுப்புகளின் நேரசூசியில் இணைப்பாடவிதானத்துக்குப் பாடசாலை நேரத்துக்குள்ளேயே பாடவேளை ஒதுக்கிப் பாதுகாக்க வேண்டும். பாதையும் பஸ்ஸும் தவறாமல் ஒரு பிள்ளை பங்கெடுக்க அது ஒன்றே வழி. எந்த வாசலில் எது கேட்கப்படும் என்பதைப் பிள்ளைகள் உயர்தரத்தில் சேரும் நாளிலேயே அறிந்திருக்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெரும் நிதி தேவையில்லை. எழுத்தில் விதியும், அதைக் கடைப்பிடிக்கும் பொறுப்பும் தேவை. அடுத்த விண்ணப்ப காலத்துக்கு முன் இது நடக்க வேண்டும். பிந்தினால், ஊருக்கு உழைத்த பிள்ளை வெளியே நிற்பார். சான்றிதழ் வாங்கிய பிள்ளை உள்ளே போவார். அது நியாயமான போட்டியல்ல. அதை அனுமதிப்பவர்கள் இந்தப் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.