நெஞ்சுக்குள்ளே ‘சவுண்ட்’ விடும் டியூப்!

மேல்சித்தாமூர்ல இருந்து பஸ் பிடிச்சு செஞ்சிக்கோ திண்டிவனத்துக்கோ காலேஜ் போற ஆளா நீங்க? பக்கத்து சீட் பார்ட்டி மூணு வாரமா லொக்கு லொக்குனு இருமினா, ‘என்ன மச்சி, தம்மா?’னு கலாய்ச்சுட்டு விட்டுடாதீங்க. ஆஸ்பத்திரிக்குத் தள்ளிட்டுப் போங்க.

சளி டெஸ்ட்ல ஒண்ணும் இல்லைனு வெச்சுக்குவோம். ஆனா ஸ்கேன்ல, ரெண்டு நுரையீரலுக்கும் நடுவுல நெறிகட்டி வீங்கியிருக்கு. இது டி.பி.யா, சார்காய்டோசிஸா, லிம்போமாங்கிற புற்றுநோயா? பல சமயம் மூணுமே ஸ்கேன்ல ஒரே மாதிரிதான் தெரியும். மருந்தோ வேற வேற! டி.பி.னு குத்துமதிப்பா ஆறு மாசம் மாத்திரை முழுங்கி, கடைசியில அது புற்றுநோயா இருந்தா? போன ஆறு மாசம் திரும்பி வருமா?

1897-ல் ஜெர்மனி டாக்டர் குஸ்டவ் கில்லியன், ஒருத்தர் மூச்சுக்குழாயில சிக்கின எலும்புத் துண்டை குழாய் விட்டு எடுத்தார். பிராங்கோஸ்கோபி பிறந்த கதை அது. 1960-களில் ஜப்பானின் ஷிகெட்டோ இகெடா, வளையும் குழாயைக் கொண்டுவந்தார். ஆனா, அதுல மூச்சுக்குழாயின் உட்புறம் மட்டும்தான் தெரியும். செஞ்சிக் கோட்டைக்குள்ள நின்னா, மதிலுக்கு அந்தப் பக்கம் ஒளிஞ்சிருக்கறது யாருனு தெரியுமா? நெறிகட்டி இருக்கறதும் மதிலுக்கு வெளியேதான்.

அதுக்குத்தான் ‘ஈபஸ்’. குழாய் நுனியிலேயே ஒரு குட்டி அல்ட்ராசவுண்ட்! இந்த ஒலி காத்துல ஒழுங்காப் போகாது. அதனால நுனியை மூச்சுக்குழாய்ச் சுவரோட ஒட்டி அழுத்துவாங்க. அந்தப் பக்கம் இருக்கற கட்டி திரையில பளிச்! ரத்தக்குழாய் எங்கே ஓடுதுனு டாப்ளர் காட்டிக்கொடுக்கும். அதை ஒதுக்கிட்டு, மெல்லிய ஊசியால சாம்பிள் எடுப்பாங்க. ஜப்பானின் சிபா பல்கலைக்கழக டாக்டர்கள் 2004-ல் இந்த முறையோட பலனை வெளியிட்டாங்க. அதுக்கு முன்னாடி, பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்து, கழுத்துக்குக் கீழே கீறித்தான் எடுப்பாங்க. இதுல தழும்பே இல்லை. பெரும்பாலும் அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்.

ஒரு எச்சரிக்கை: ஊசியில எதுவும் சிக்கலைன்னா நோயே இல்லைனு அர்த்தம் கிடையாது. டாக்டர் சொன்னா அடுத்த டெஸ்ட்டுக்கும் போகணும். அதேமாதிரி, இருமல் வந்த எல்லாருக்கும் ஈபஸ் தேவையும் இல்லை. முதல்ல சளி டெஸ்ட், எக்ஸ்ரே. அரசு ஆஸ்பத்திரியில டி.பி. டெஸ்ட்டும் மருந்தும் இலவசம்.

டி.பி.க்காரங்களை சானடோரியத்துல அடைக்க வேண்டாம், வீட்டிலேயே மருந்து கொடுத்து குணப்படுத்தலாம்னு உலகத்துக்கே காட்டினது, 1956-ல் நம்ம சென்னையில தொடங்கின ஆய்வுதான். ஆக, மருந்து ரெடி. எந்த நோய்னு சரியாத் தெரியணும், அதுவும் சீக்கிரமா! ரெண்டு வாரம் தாண்டின இருமலை மெடிக்கல் ஷாப் சிரப் ஊத்தி அமுக்காதீங்க, ப்ளீஸ்!