ஒற்றைச் சுருளோ, இரட்டைச் சுருளோ?

நம் கல்லூரிச் சங்கீத மன்றத்துக்கு மின்சாரக் கிதார் ஒன்று வாங்கும்பொருட்டுப் பழைய மாணவர் சிலர் இவ்வாண்டு ஒரு தொகை உதவினர். தொகை ஒரு வாத்தியத்துக்கே போதும். அது கைக்கு வந்த அன்றே மன்றம் இரு கட்சியாயிற்று. ‘சிங்கிள் காயில்’ எனப்படும் ஒற்றைச் சுருள் பொருத்திய கிதாரே வேண்டும் என்பர் ஒரு சாரார். ‘ஹம்பக்கர்’ எனப்படும் இரட்டைச் சுருள் பொருத்தியதன்றி வேறொன்றும் வேண்டா என்பர் மற்றொரு சாரார். நேற்றுவரை ஒரே பாட்டைச் சேர்ந்து பாடியவர்கள் இன்று முகங்கொடுத்துப் பேசுவதில்லை. ஆதலின் இவ்விஷயத்தில் எமக்குத் தோன்றியதை எழுதத் துணிந்தோம். இரு கட்சியாரும் பொறுத்தருள்வாராக.

இவ்வாத்தியத்தின் அமைப்பை அறியாதார்க்குச் சில சொற்கள் கூறுதல் நலம். மின்சாரக் கிதாரின் கம்பி தானே எழுப்பும் ஒலி மிகச் சிறிது. கம்பிகளுக்குக் கீழே பதித்திருக்கும் ‘பிக்கப்’ என்னும் உறுப்பே அதற்குச் செவியாகும். அதனுள் காந்தம் இருக்கும். மயிரிழை போன்ற செப்புக்கம்பி பல்லாயிரம் சுற்றாகச் சுற்றப்பட்டிருக்கும். மேலே எஃகுக் கம்பி அதிருங்கால், 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த விதிப்படி, சுருளில் மெல்லிய மின்னோட்டம் பிறக்கும். அதனை ஆம்ப்ளிஃபையர் பெருக்கி நம் காதுக்குத் தருகிறது. லியோ ஃபெண்டர் என்னும் அமெரிக்கர் 1954-இல் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரில் இத்தகைய ஒற்றைச் சுருள்கள் மூன்று இருந்தன. அக்கிதாரின் தெளிந்த, கூரிய நாதத்தை உலகம் இன்றும் விரும்புகிறது.

ஆயின் இச்செவிக்கு ஒரு குறையுண்டு. அதனை எமக்கு உணர்த்தியது மில்லர்புரத்தில் நடந்த ஓர் ஒத்திகை. இரவல் வாங்கிய ஒற்றைச் சுருள் கிதாரை இணைத்தவுடனே, ஒருவரும் கம்பியைத் தொடாதிருக்க, வண்டு முரல்வது போன்றதோர் இரைச்சல் எழுந்தது. வாசிப்பவர் தம் நாற்காலியைச் சற்றுத் திருப்பினார், வண்டு அடங்கிற்று. பழையபடி திரும்பினார்; மீண்டும் எழுந்தது. தலைக்கு மேலிருந்த டியூப்லைட்டை அணைத்தோம், பெரும்பகுதி குறைந்தது. குற்றம் கிதாரினுடையதன்று, அறையினுடையது என்று அப்போது தெளிந்தோம்.

நம் தூத்துக்குடிக் கரையில் வளர்ந்த பிள்ளைகள் சங்கைக் காதில் வைத்து, ‘உள்ளே கடல் இரைகிறது’ என்று மகிழ்வதுண்டு. கடல் சங்கினுள் இல்லை. சுற்றிலுமுள்ள சிற்றொலிகளையே சங்கு தன் குடைவிற் பெருக்கிக் காட்டுகிறது. ஒற்றைச் சுருளும் அத்தகையதே. விளக்கின் சோக்கும், டிரான்ஸ்பார்மரும், சுவரிலோடும் மின்கம்பிகளும் பரப்பும் காந்த அலைவை அது பாகுபாடின்றி ஏற்றுக்கொள்ளும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சியுடையது. எனவே இரைச்சல் 50, 100 என்னும் அதிர்வெண்களிலும் அவற்றின் மடங்குகளிலும் ஒலிக்கும். மேனாட்டு ஸ்வரக் கணக்கில் 98 என்பது ‘ஜி’. ஏறக்குறைய 104 என்பது அதனை அடுத்த ஸ்வரம். 100 இரண்டிலும் சேராது இடையில் நிற்பது. அழையாமல் வந்து, எந்தப் பாட்டுக்கும் இசையாத சுருதியை மீட்டிக்கொண்டிருக்கும் தம்புரா என்று அதனைச் சொல்லலாம். கிதாரின் மிகத் தாழ்ந்த கம்பி ஏறக்குறைய 82-இல் ஒலிப்பதாகலின், அவ்விரைச்சலை மட்டும் அறுத்தெறிய முயன்றால் நாதமும் உடன் அறுபடும்.

இதற்குப் பரிகாரம் கண்டவருள் முதன்மையானவர் கிப்சன் கம்பெனியில் எஞ்சினியராயிருந்த செத் லவர். 1955-இல் அவர் தம் முறைக்குப் பேட்டண்ட் விண்ணப்பித்தார். 1957 முதல் அது கிதார்களில் இடம்பெற்றது. 1959-இல் பேட்டண்ட் கிடைத்தது. அவர் இரு சுருள்களை அருகருகே வைத்தார். ஒன்றுக்கு எதிர்முகமாக மற்றதை இணைத்தார். காந்தத்தின் துருவத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றினார். வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்குத் துருவத்தைப் பற்றிக் கவலையில்லை. ஆதலின் அது ஒரு சுருளில் ஏறுமுகமாகவும் மற்றதில் இறங்குமுகமாகவும் வந்து தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். கம்பியின் நாதமோ துருவத்தால் ஒருமுறையும் சுருளின் முகத்தால் ஒருமுறையும் ஆக இருமுறை திரும்பி, நேராகவே நின்று, ஒன்றோடொன்று கூடி வலுக்கும். பகையை நீக்கி நட்பைப் பெருக்கும் இவ்வுபாயத்தின் எளிமை வியக்கத்தக்கது.

எனினும் விலையின்றி வருவது ஒன்றுமில்லை. இரு சுருள்களும் கம்பியை ஈரிடத்திற் கேட்கின்றன. நுண்ணிய மேலொலிகள் ஓரிடத்தில் ஏறும்போது மற்றோரிடத்தில் இறங்குமாகலின் அவற்றுட் சில அழிகின்றன. சுற்றுகள் மிகுந்தமையால் உச்ச ஒலிகள் மேலும் தணிகின்றன. குரல் தடித்து, வெதுவெதுப்பாகி, வலுப்பெறும். விரல் நுனியின் கூர்மை சிறிது மழுங்கும். ‘ஒரு விசையால் இரட்டையை ஒற்றையாக்கிக்கொள்ளலாமே’ என்று சிலர் கூறுவர். ஆக்கலாம், ஆனால் அக்கணமே பழைய வண்டும் திரும்பி வரும்.

நிற்க. ‘மேனாட்டார் விளையாட்டுப் பொருளுக்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு?’ என்று கேட்பாரும் நம்முள் உளர். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) ஐந்து கம்பி கொண்ட மின்சார மாண்டலினில் கர்நாடக சங்கீதத்தை முழுமையாக வாசித்துக் காட்டினார். இராணிப்பேட்டையிற் பிறந்த பிரசன்னா கிதாரிலேயே கீர்த்தனங்களை வாசித்து வருகிறார். ஒரு ஸ்வரத்தை மீட்டி, அது ஓயுமுன் இழுத்தும் வழுக்கியும் அசைத்தும் கமகத்தை வரவழைக்க வேண்டுமாயின், நாதம் நீடித்து நிற்க வேண்டும். அந்நீட்சியைச் செவிக்கு எட்டச் செய்தது இம்மின்சாரச் செவியே. ஆகவே இது நமக்கும் உரிய ஆராய்ச்சியே.

இனி, இரு கட்சியாரும் மறந்த ஒன்றைச் சொல்லவேண்டும். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே. சில ஆண்டுகளுக்கு முன், பெயர் சொல்ல வேண்டாத ஒரு மண்டபத்தில், எம்முள் ஒருவர் கிதாரைப் பிடித்தவண்ணம் பாடுவதற்கு மைக்கினருகே குனிந்தார். உதடு மைக்கிற் பட்டதும் மின்சாரம் தாக்கிப் பின்னே சாய்ந்தார். கடவுள் அருளால் உயிர் தப்பினார். பிறகு பார்க்கையில், ஆம்ப்ளிஃபையரின் பிளக்கில் எர்த் கால் ஒடிக்கப்பட்டிருந்தது. இரண்டு துளை உள்ள பெட்டியிற் செருகுவதற்காக யாரோ செய்த வேலை. கிதாரின் கம்பிகள் ஆம்ப்ளிஃபையரின் உலோக உடலோடு இணைக்கப்பட்டவை. அவ்வுடல் பூமியோடு இணையாதிருந்து, உள்ளே சிறு பழுதும் நேருமாயின், வாசிப்பவருடைய கையும் உதடுமே மின்சாரத்துக்கு வழியாகும்.

இரட்டைச் சுருள் காந்தத்தால் வரும் இரைச்சலைப் போக்கும். எர்த் இல்லாத குறையைப் போக்காது. ‘இரைச்சலில்லை, எல்லாம் செம்மையாயிருக்கிறது’ என்று நாம் ஏமாறவும் கூடும். ஆதலின் எந்தக் கிதாராயினும் முதலில் எலெக்ட்ரீஷியனை அழைத்து, மேடையிலுள்ள பிளக்குகளின் எர்த்தைச் சோதிப்பிக்க வேண்டும். இரைச்சலையும் அறிந்து பிரித்தல் வேண்டும். உடலைத் திருப்பினால் மாறுவது காந்தத்தின் வேலை. அதற்கு இரட்டைச் சுருள் மருந்து. கம்பியைத் தொட்டவுடன் குறைவது பெரும்பாலும் கிதாரின் உள்ளே மறைப்பு போதாமையால் வருவது; அதற்குச் செப்புத் தகடு ஒட்டி எர்த்தோடு இணைத்தல் மருந்து. நோய் அறியாமல் மருந்து வாங்குவது பணத்துக்கும் கேடு, உயிருக்கும் கேடு.

எமது தீர்ப்பு யாதெனில்: மன்றத்துக்கு வாங்கும் கிதார் இரட்டைச் சுருளுடையதாகவே இருக்கட்டும். அது ஒருவர் கைக்குரியதன்று; பல கைகளுக்குப் பொது. இன்று கல்லூரி மண்டபம், நாளை கோயில் பாடகர் குழு, மறுநாள் ஏதோ ஒரு பந்தல் என்று எங்கும் போகும். அங்கெல்லாம் விளக்கை அணைக்கச் சொல்லவோ, நாற்காலியைத் திருப்பிப் பார்க்கவோ இயலாது. பிரார்த்தனையின் நடுவே அமைதி நிலவும்போது வண்டு முரலுமாயின், அதனைப் பொறுப்பது கேட்பவர், வாசிப்பவரல்லர். பிறர் செவிக்காக நம் விருப்பத்திற் சிறிது விட்டுக்கொடுத்தல் பொதுவாழ்வின் முதற்பாடம்.

ஆயின் தனக்கென ஒன்று வாங்கி, தன் அறையிற் பயிலக் கருதும் மாணவர்க்கு ஒற்றைச் சுருளையே பரிந்துரைப்போம். அது கண்டிப்பான வாத்தியார். விரல் பிசகினால் மறைக்காது, நகம் உரசினால் சொல்லிவிடும். அவ்வாத்தியாரிடம் இரண்டாண்டு அடங்கிப் பயின்ற கை, பிறகு எக்கிதாரைத் தொட்டாலும் நன்றாகவே வாசிக்கும். அடுத்த கல்லூரி நாளன்று இரு கட்சியாரும் ஒரே மேடையில் நின்று வாசிப்பதைக் காண விரும்புகிறோம். மேடை ஏறுமுன் பிளக்கில் மூன்று கால்களும் உளவா என்று எண்ணிப் பார்த்துக்கொள்வாராக.