சாவு வீட்டுல பாட்டு எதுக்கு?

நவரை நடவு வேலையில பத்து நாளா எதுவும் எழுத முடியல. நடுவுல ஒரு சாவுக்காக மெட்ராஸ், புளியந்தோப்பு வரைக்கும் போய்ட்டு வந்தேன்.

இறந்தது எங்க சித்தப்பா. பின்னி மில்லுல வேலை பார்த்தவர். 1996-ல மில்லை மூடின பிறகும் ஊருக்குத் திரும்பல. உடம்பு ஐஸ் பெட்டியில இருந்துச்சு. தெருவுல ஷாமியானா போட்டிருந்தாங்க. ராத்திரி நாலு பசங்க டோலக், சட்டியோட வந்து உட்கார்ந்தாங்க. மரண கானா.

"சாவு வீட்டுல என்னய்யா கூத்து இது?"ன்னு கூட வந்த ஊர்க்காரர் முணுமுணுத்தார். முதல்ல எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஆனா பாட்டுல சித்தப்பா பேரு வந்துச்சு, சித்தி பேரு வந்துச்சு. மில் சங்கு ஊதினதும் சைக்கிள்ல பறந்தது, மூடின பிறகு மூட்டை தூக்கிப் பிள்ளைங்கள ஆளாக்கினது எல்லாம் வந்துச்சு. வீட்டுல முன்னாடியே கேட்டு வச்சிருக்காங்க. அதுவரைக்கும் கல்லு மாதிரி நின்ன சித்தப்பா மகன் அப்பத்தான் ஓன்னு அழுதான். பத்து மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாதுங்கறதால மைக்கை நிறுத்திட்டாங்க. வெறுங்குரல்ல விடியற வரைக்கும் பாடினாங்க.

கானாங்கற சொல்லுக்கு இந்தி, உருதுல பாட்டுன்னு அர்த்தம். தொண்டிப் பக்கத்துல இருந்து வந்து ராயபுரத்துல அடக்கமான குணங்குடி மஸ்தான் சாகிபு பாட்டும், சித்தர் பாட்டும் இதுக்கு வேருன்னு சொல்றவங்க உண்டு. உடம்பு நிலையில்லங்கற சேதி ரெண்டுலயும் ஒண்ணுதான். அதோட, மில்லுக்கும் துறைமுகத்துக்கும் பிழைக்கப் போன நம்ம கிராமத்து ஜனங்க கொண்டுபோன ஒப்பாரியும் இதுல கலந்திருக்குன்னு நான் நினைக்கிறேன்.

சாவுக்கு இசை நமக்குப் புதுசில்ல. ஒரு வீட்டுல சாவுப் பறை, இன்னொரு வீட்டுல கல்யாண முழவுன்னு புறநானூறு 194-ம் பாட்டே சொல்லுது.

ஆனா எங்க தெருவுல பறையை எங்க அப்பா காலத்துலயே கீழ வச்சுட்டாங்க. மத்த தெருவுல சாவு விழுந்தா எங்க ஆளுங்க போய் அடிச்சே ஆகணும். காய்ச்சலா இருந்தாலும் போகணும், மறுத்தா வசவு. கூலின்னு கொஞ்சம் நெல்லு. அதனால விட்டாங்க. விட்டது சரிதான், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. ஆனா அதோட நம்ம வீட்டுச் சாவுக்கான இசையும் போயிடுச்சு. இப்ப ஊர்ல ஒலிபெருக்கியில யாரோ பாடின ஒப்பாரியைப் போடுறாங்க. எந்த வீட்டுச் சாவுக்கும் அதே பாட்டு. அதுல செத்தவர் பேரு இருக்கா?

புளியந்தோப்புல நான் பார்த்தது வேற. அங்க யாரும் அந்தப் பசங்கள மிரட்டிக் கூப்பிடல. அவங்க தெரு, அவங்க பெரியவர், அவங்க பாட்டு. ஊர்ல அடிமை வேலையா இருந்த ஒண்ணு, பட்டணத்துல மரியாதையா மாறியிருக்கு. அதைப் போய் ரவுடிப் பாட்டுன்னு சொல்றவங்க ஒரு ராத்திரி முழுசா உட்கார்ந்து கேட்டுட்டுச் சொல்லட்டும். கோயில்ல பாடுறது மட்டும்தான் புனிதமா? மூட்டை தூக்கின மனுசனோட வாழ்க்கையை, அவன் போற கடைசி ராத்திரியில பேர் சொல்லிப் பாடுறதும் புனிதம்தான்.

பறையைத் திரும்ப எடுங்கன்னு யாரையும் நான் சொல்ல மாட்டேன். அது எடுக்கறவங்க இஷ்டம். ஆனா அவங்கவங்க வீட்டுச் சாவுக்கு அவங்கவங்க பாடலாமே.

எங்க அம்மாவுக்கு எண்பது வயசு. ஒப்பாரி தெரியும். "உசுரோட இருக்கறவங்க நடுவுல அதைப் பாடக் கூடாதுடா"ன்னு முதல்ல திட்டினாங்க. சாயங்காலம் களத்து மேட்டுக்குத் தனியா கூட்டிட்டுப் போய்க் கேட்டேன். மூணு பாட்டு நோட்டுல எழுதியாச்சு. எங்க அப்பாவுக்கு அவங்க பாடினது நாலாவது. அதுல பாதியிலயே நிறுத்திட்டாங்க. நானும் வற்புறுத்தல.

உங்க வீட்டுலயும் தெரிஞ்சவங்க இருந்தா, இப்பவே உட்கார்ந்து கேளுங்க.