விரட்டினால் வேகம் நிலைக்குமா?

சுங்கை ரம்பாயில் ஒரு வீட்டின் பழைய கணினி மெதுவாக இயங்கினால், அதன் செயலியை நிர்ணயித்த வேகத்திற்கு மேல் ஓட்டிப் பார்க்கும் ஆசை மாணவர்களுக்கு எழலாம். இம்முறை ‘ஓவர்கிளாக்கிங்’ எனப்படுகிறது. ஆனால், இந்த வேகம் இலவசமன்று. வேகத்துக்காக மின்னழுத்தத்தையும் கூட்டும்போது, வேகத்தைவிட வெப்பமே விரைந்து ஏறுகிறது.

ஒரே தொழிலாளி அவசரமாகப் பால்மரம் சீவினால் பட்டை காயப்படும். இருவர் நிரை பிரித்துச் சீவினால் வேலையும் முடியும்; மரமும் நிலைக்கும். கணினி உலகமும் இவ்வழியையே நாடியது. 2004-இல் இன்டெல் நிறுவனம் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தைக் கைவிட்டது; 2005-இல் இரண்டு கருக்கள் கொண்ட செயலியை வெளியிட்டது.

இரட்டைக் கருவும் மந்திரக்கோல் அன்று. வேலையைப் பிரித்துத் தர இயலாத மென்பொருளில் ஒரு கரு பெரும்பாலும் சும்மா இருக்கும். அச்செயலியை விரட்டினாலோ, இரண்டு கருக்களும் சூடேறும். வலுக்குறைந்த கரு தாங்கும் அளவே எல்லையாகும்.

எனவே, வீட்டின் ஒரே கணினியைப் பணயம் வைப்பது அறிவுடைமை ஆகாது. முதலில் விசிறியின் தூசியை நீக்கலாம். தேவையற்ற மென்பொருளை அகற்றலாம். இயன்றால் நினைவகத்தைக் கூட்டலாம். பாடங்களைச் சேமித்து வைத்திருக்கும் கணினிக்கு வேகத்தைவிட ஆயுளே முக்கியம்.