பாஸ்போர்ட்டைக் கொடுத்து பனியனை வாங்கியவர்!

ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம் பக்கத்தில் உள்ளவர்களுக்கு ஜப்பான் புதிது அல்ல.

வல்லம் வடகாலில் யமஹா மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை இருக்கிறது. ஓரகடத்தில் 2010-ம் ஆண்டு நிசானும் ரெனோவும் சேர்ந்து கார் தொழிற்சாலை திறந்தன. (2025-ல் நிசான் தன் பங்கை ரெனோவுக்கு விற்றுவிட்டது.)

இந்த இரண்டு ஜப்பான் கம்பெனிகளும் தங்கள் நாட்டில் கால்பந்தையும் வளர்த்தன. நிசான் கம்பெனி அணிதான் பிறகு "யோகோஹாமா மரினோஸ்" ஆயிற்று. யமஹா கம்பெனி அணி "ஜூபிலோ இவாட்டா" ஆயிற்று.

ஜப்பானில் இருந்து இயந்திரம் வந்தது, என்ஜினீயர்கள் வந்தார்கள். கால்பந்து வீரரும் ஒருவர் இந்தியாவுக்கு வந்தார். வந்தவர் இந்தியராகவே ஆகிவிட்டார்!

யார் அவர்?

அவர் பெயர் அராடா இசுமி. 1982-ல் ஜப்பானில் ஷிமோனோசெகி நகரில் பிறந்தார். தாயார் ஜப்பானியர். தகப்பனார் இந்தியர்.

இசுமி நடுக்கள ஆட்டக்காரர். பின்னால் நின்று தடுப்பவரிடம் பந்தை வாங்கி, முன்னால் ஓடி கோல் போடுபவரிடம் சேர்ப்பது அவர் வேலை.

2006-ல் கொல்கத்தா ஈஸ்ட் பெங்கால் அணிக்கு வந்தார். பிறகு மும்பை மகிந்திரா யுனைடெட் அணியிலும், புனே அணியிலும் ஆடினார்.

கடினமான முடிவு

இந்திய அணியில் ஆட அவர் விரும்பினார். ஆனால், இந்திய பாஸ்போர்ட்டு உள்ளவர்தான் இந்தியாவுக்காக ஆடலாம். இரண்டு நாட்டுப் பிரஜையாக இருக்க நமது சட்டம் இடம் கொடுப்பது இல்லை.

இசுமி, ஜப்பான் பிரஜா உரிமையைத் துறந்தார்! 2012-ல் இந்தியப் பிரஜை ஆனார். 2013 பிப்ரவரி 6-ந் தேதி கொச்சியில் பாலஸ்தீனத்துக்கு எதிராக இந்தியப் பனியன் அணிந்தார். அப்போது அவருக்கு வயது 30. அன்று இந்தியா 2-4 என்று தோற்றது.

இன்றைய கேள்வி

2025 அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் இந்தியா தோற்றது. 2027 ஆசியக் கோப்பைப் போட்டிக்குள் நுழையும் வாய்ப்பு போயிற்று. "வெளிநாட்டில் உள்ள இந்திய வம்சாவளி வீரர்களை அழையுங்கள்" என்ற குரல் வலுத்தது. அதே ஆண்டு ரியான் வில்லியம்ஸ் என்ற வீரர், ஆஸ்திரேலிய பிரஜா உரிமையைத் துறந்து இந்தியர் ஆனார்.

இது நல்லதுதான். ஆனால் இது மட்டும் போதுமா?

ஜப்பானைப் பாருங்கள். அந்த நாடும் பிரேசிலில் பிறந்த வீரர்களைத் தன் பிரஜை ஆக்கிக்கொண்டது. ஆனால் அதோடு நிற்கவில்லை. 1993-ல் "ஜே லீக்" போட்டியைத் தொடங்கியது. அதில் ஆடும் சங்கங்கள் சிறுவர்களுக்கும் அணி நடத்த வேண்டும் என்று விதி வகுத்தது. 1998-ல் முதல் முறையாக உலகக் கோப்பையில் ஆடியது. அதற்குப் பிறகு ஒரு முறைகூட வாய்ப்பைத் தவறவிட்டது இல்லை!

பெரிய வேலை

இசுமியும் ஆட்டத்தோடு நிற்கவில்லை. பயிற்சியாளர் ஆனார். ரிலையன்ஸ் பவுண்டேஷனின் கால்பந்துப் பள்ளியில் சிறுவர்களுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தார்.

வீரரின் கால் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். அவர் கற்றுக்கொடுத்தது, சிறுவர்களின் காலில் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஓரகடத்தில் கார் ஓடி வெளியே வர, ஜப்பான் இயந்திரம் மட்டும் போதவில்லை. நம் பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க வேண்டி இருந்தது.

கால்பந்துக்கும் அதுதான் வழி!